கேட்டார்கள், பதிலும் வந்தது: 2016 மார்ச் 19 மெயில் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

யாராவது ஏமாந்துவிட்டால் நாம் முதலில் சொல்வது, ‘பக்கத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?’ என்பதுதான். இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். இதில் கேட்டார்கள். கேட்க வேண்டிய ஆளிடமே கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது. பதிலுக்குள் போக வேண்டிய சரியான முகவரிகூட இருந்தது. அப்படியிருந்தும் 50,000-க்கும் மேற்பட்ட மெயில்கள் களவுபோயின.

2016-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் பொடெஸ்டா. பில் கிளிண்டன் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலராக இருந்தவர், பிறகு ஒபாமாவுக்கு ஆலோசகர். அனுபவம் இல்லாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. அந்தத் தேர்தல் அரசியலுக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு மெயிலும், அது கைமாறிய சில மணி நேரமும் மட்டும்.

மெயில்

மார்ச் 19, சனிக்கிழமை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் விடியாத நேரம், மணி 4.34. பொடெஸ்டாவின் சொந்த ஜிமெயில் கணக்குக்கு கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. உங்கள் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது என்று தலைப்பு. உள்ளே, ‘உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு இப்போதுதான் ஒருவர் நுழையப் பார்த்தார்’ என்று தொடங்கி, நாள், நேரம், ஐபி எண் (இணையத்தில் ஒரு கருவியின் அடையாள எண்), இடம் உக்ரைன் என்று விவரம். நாங்கள் தடுத்துவிட்டோம், நீங்கள் உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் என்று ஆலோசனை. அதற்குக் கீழே மாற்றுவதற்கான பொத்தான். கடைசியில் ஜிமெயில் குழுவின் வணக்கம்.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதில் பிழை தேடினால் ஏமாற்றம்தான். கூகுள் நிஜமாகவே அனுப்பும் எச்சரிக்கையும் கிட்டத்தட்ட இந்த நடையில்தான் இருக்கும். அனுப்புநர் முகவரியும் கூகுள் முகவரியாகவே தெரியும்படி மாற்றப்பட்டிருந்தது. மெயிலில் ‘அனுப்புநர்’ என்று கண்ணுக்குத் தெரிவது, தபால் உறையின் மூலையில் அனுப்பியவரே எழுதிவிடும் பெயரைப் போன்றது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தொலைபேசியில் வரும் எண்ணும் அப்படித்தான். குறுஞ்செய்தியில் வரும் பெயர் இன்னும் மோசம்: வங்கியின் பெயரைப் போட்டு அனுப்பினால், உங்கள் போன் அதை வங்கி ஏற்கெனவே அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக அடுக்கிவைத்துவிடும்.

அப்படியானால் இந்த மெயிலில் சந்தேகப்பட எதுவுமே இல்லையா? ஒன்று இருந்தது. திருடன் வந்திருக்கிறான் என்று சொன்ன கையே பூட்டை மாற்றும் கருவியையும் நீட்டியது. நோயைச் சொல்பவரும் மருந்தைக் கையில் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருந்து, ‘இப்போதே விழுங்கு’ என்று அவசரப்படுத்தினால், மெயிலோ செய்தியோ அழைப்போ, நான் நிறுத்திவிடுவேன். உண்மையான எச்சரிக்கையும் சில சமயம் அப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. எச்சரிக்கை உண்மையாக இருந்தால், நானே முகவரியைத் தட்டி உள்ளே போனாலும் அது அங்கே எனக்காகக் காத்திருக்கும்.

பொத்தானுக்குப் பின்னால் இருந்த முகவரி

பொத்தானுக்கு அடியில் இருந்தது பிட்லி நிறுவனத்தின் குறுக்கப்பட்ட லிங்க். அது போய் நின்ற இடம்: ‘மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இடமிருந்து படித்தால் கண்ணுக்கு ‘மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்’ வரைதான் தெரியும். மனம் அங்கேயே திருப்தியடைந்துவிடும். ஆனால் ‘காம்’ என்பதற்குப் பின்னால் இருப்பது புள்ளியும் அல்ல, சாய்கோடும் அல்ல, ஒரு சிறு கோடு. அந்தக் கோடு முகவரியையே வேறு ஆளுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறது. இணைய முகவரியை நம் பெயரைப் போலப் படிக்க வேண்டும். இனிஷியல் முன்னால் வரும், ஆள் யார் என்பது பின்னால் வரும். முன்னால் எத்தனை இனிஷியலையும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ, அங்கே நின்று பின்னோக்கிப் படித்தால் ஆள் பிடிபடுவார். இங்கே அந்த ஆள் ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’. அதில் ‘டிகே’ என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள டோக்கலாவ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தின் இணையக் குறியீடு. அந்த நாட்களில் அதில் காசே கொடுக்காமல் பெயர் பதிந்துகொள்ளலாம்.

முகவரியைக் கவனமாகப் படித்தாலும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துணைக்காலும் ‘ர’ எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. ‘க’ எழுத்தும் தமிழ் எண் ஒன்றான ‘௧’-உம் அப்படியே. 2017 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் முழுக்க முழுக்க ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துகளை வைத்து, ஆப்பிள் நிறுவனத்தின் முகவரிபோலவே தெரியும் ஒரு முகவரியைப் பதிந்து காட்டினார். குரோம் பிரௌசர் தன் 58-ஆம் பதிப்பில்தான் அதைச் சரிசெய்தது. கண்ணை மட்டும் நம்பி இந்த ஆட்டத்தை ஆட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேட்ட கேள்வி, வந்த பதில்

பொடெஸ்டாவின் பெட்டியைப் பார்க்க உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த மெயிலைப் பார்த்ததும் பொத்தானைத் தொடவில்லை. பிரசாரக் குழுவின் கணினி உதவிப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டார். இந்த இடம்வரை பாடப்புத்தகம் எப்படிச் சொல்லுமோ அப்படியே நடந்தது.

காலை பத்து மணிக்குள் உதவிப் பிரிவு ஊழியரின் பதில் வந்துவிட்டது. அதன் சாரம்: இது முறையான மெயில். ஜான் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை) போட்டுவிட வேண்டும். கூடவே கூகுளின் உண்மையான பாதுகாப்புப் பக்கத்தின் முகவரியைத் தந்து, இங்கே போய் மாற்றலாம் என்றும் எழுதியிருந்தார். தான் எழுத நினைத்தது ‘முறையற்றது’ என்றும், தவறுதலாக ‘முறையானது’ என்று போய்விட்டது என்றும் பின்னாளில் அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இரண்டே எழுத்துதான் வித்தியாசம்.

அந்தப் பதிலைப் பெற்றவர் அடுத்த உதவியாளருக்கு அனுப்பும்போது, ஜிமெயிலிலிருந்து வந்தது நிஜம்தான் என்று சுருக்கிச் சொன்னார். அவர் கவலையெல்லாம் வேறு: இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதா, பொடெஸ்டாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டுமா, பெட்டிக்குள் நுழைய முடியாமல் அவரையே வெளியே பூட்டிவிடக் கூடாதே. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது. ஒருவர்கூட அலட்சியமாக இல்லை. எல்லாரும் பாதுகாக்கத்தான் பார்த்தார்கள்.

உதவிப் பிரிவு கொடுத்த நல்ல முகவரியும், திருடன் கொடுத்த பொத்தானும் ஒரே மெயில் சங்கிலியில் மேலும் கீழுமாக இருந்தன. மேலே வெறும் எழுத்து. கீழே பெரிதாக ஒரு பொத்தான். ‘நிஜம்தான்’ என்ற தீர்ப்பு வந்தபின் அந்தப் பொத்தானுக்கும் சேர்த்து நற்சான்று கிடைத்துவிட்டது. பிட்லியின் பதிவில் அந்த லிங்க் இரண்டு முறை திறக்கப்பட்டிருந்தது.

2018 ஜூலை 13 அன்று அமெரிக்க நீதித்துறை ரஷ்ய ராணுவ உளவு அமைப்பைச் சேர்ந்த 12 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதன்படி, மெயில் அனுப்பிய இரண்டு நாளில், மார்ச் 21 வாக்கில், 50,000-க்கும் மேற்பட்ட மெயில்களை எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 7 முதல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் அவற்றைத் தவணை தவணையாக வெளியிட்டது. பிட்லி கணக்கைத் திருடர்கள் மறைத்துவைக்க மறந்ததால் ஆய்வாளர்களுக்கு மற்ற லிங்குகளும் அகப்பட்டன. 2015 அக்டோபருக்கும் 2016 மே மாதத்துக்கும் இடையில் 3,907 ஜிமெயில் கணக்குகளைக் குறிவைத்து 8,909 லிங்குகள் என்று செக்யூர்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் எண்ணிச் சொன்னது. கிளிண்டன் பிரசாரக் குழுவின் மெயில் முகவரிகளில் 108-க்கு 213 லிங்குகள் போயிருக்கின்றன. திறக்கப்பட்டவை 20. பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் திருடனுக்கு ஒன்று போதும்.

‘இல்ல சித்தி’

இந்த வழக்கு எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாக வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் குடும்பத்தில் இப்படி வரும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற ஆள் நான். ஒரு நாள் சித்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டணப் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், கீழுள்ள லிங்க்கில் கட்டவும் என்று ஒரு குறுஞ்செய்தி. கூடவே சித்தி கேட்டிருந்தது: “இது ஒண்ணும் போலி இல்லையேப்பா?”

வேலைக்கு நடுவில் நான் தட்டியது: “இல்ல சித்தி. அப்புறம் பேசறேன்.”

நான் சொல்ல நினைத்தது, வேண்டாம், தொடாதீங்க. சித்தி படித்தது, போலி இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அந்த ‘இல்ல’ அப்படித்தான் பொருந்தும். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. லிங்கைத் திறந்து கார்டு விவரத்தைப் போட்டுவிட்டார். ஓடிபி வந்தபோதுதான் நின்றார், ஏனென்றால் அந்த ஓடிபி செய்தியை முழுக்கப் படித்தார். கட்டவேண்டிய தொகை ஒன்று, செய்தியில் இருந்த தொகை வேறு, வாங்குபவர் பெயரும் வேறு. உடனே எனக்குக் கூப்பிட்டார். “என்னப்பா, இது வேற என்னமோ சொல்லுதே?” அடுத்த சில நிமிடத்தில் கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசி கார்டை முடக்கினோம். பணம் போகவில்லை. காப்பாற்றியது என் பதில் அல்ல, சித்தி ஒரு செய்தியைக் கடைசி வரி வரை படித்த பழக்கம்.

தமிழில் மறுப்பு கடைசியில் வரும். ‘இது வங்கி அனுப்பிய உண்மையான செய்தி அல்ல’ என்று எழுதினால், போன் திரையின் மேல்பகுதியில் எட்டிப்பார்க்கும் துண்டில் அந்த ‘அல்ல’ வெட்டுப்பட்டுப் போகலாம். அதனால் பதில் சொல்கிற இடத்தில் இருப்பவர்கள் தீர்ப்பை எழுத வேண்டாம், செய்ய வேண்டியதை எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் சொல்லே ‘தொடாதீங்க’ என்று இருக்கட்டும். சந்தேகத்துக்குரிய செய்தியைப் பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். முடிந்தால் எழுதவே வேண்டாம், கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

குரலில் வந்தால்

2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் கணக்குகளிலிருந்தெல்லாம் ஒரே மாதிரிப் பதிவு வந்தது: பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறோம். குறிவைக்கப்பட்ட கணக்குகள் 130, பதிவு போடப்பட்டவை 45, ஏமாந்தவர்கள் இழந்தது 1,18,000 டாலருக்கும் மேல். முன்னின்று செய்தவருக்கு வயது 17. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை விசாரித்தபோது தெரிந்தது, பெரிய தொழில்நுட்ப வித்தை எதுவும் இல்லை, தொலைபேசிதான்.

கொரோனா காலம். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை. வீட்டிலிருந்து அலுவலகக் கணினிகளுக்குள் நுழைய உதவும் விபிஎன் இணைப்பு அடிக்கடி மக்கர் செய்யும். அந்த நேரம் பார்த்து ஊழியர்களுக்கு அழைப்பு: கணினி உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், நீங்கள் சொன்ன விபிஎன் பிரச்சினை பற்றி. பிரச்சினை உண்மையாகவே இருந்தது, அதனால் அழைப்பும் உண்மையாகப் பட்டது. பேசிக்கொண்டே நிஜப் பக்கம் போன்ற ஒரு போலிப் பக்கத்துக்கு அழைத்துப்போனார்கள். ஊழியர் அங்கே போடும் பாஸ்வேர்டை அதே கணத்தில் இவர்கள் உண்மையான பக்கத்தில் போட்டார்கள். உண்மையான பக்கம் ஊழியரின் போனுக்கு இரட்டைச் சரிபார்ப்புக் கேள்வியை அனுப்பியது. ஊழியரே அதற்கு ‘ஆம்’ சொன்னார். அழைப்பு வந்தவர்களில் சிலர் சந்தேகப்பட்டு நிறுவனத்துக்குள் புகார் சொன்னார்கள். நம்பியவர் ஒருவராவது இருந்தார், அது போதுமானதாகிவிட்டது.

அழைப்பு மெயிலைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. மெயிலை மூடிவைத்துவிட்டு யோசிக்கலாம். குரல் யோசிக்க இடைவெளி தராது, ‘லைனில் இருங்கள்’ என்று பிடித்துவைக்கும். எதிரே ஒரு மனிதர் பேசும்போது பாதியில் வைப்பது மரியாதையில்லை என்று நமக்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். ‘நானே திருப்பிக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். கார்டிலோ பழைய பில்லிலோ உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், மிரட்டினால், யாரிடமும் சொல்லாதே என்றால், அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

மூன்று பேர் மாட்டியும் போகாத கதவு

2022 ஜூலை 20 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் வேலை அட்டவணை மாறியிருக்கிறது, பார்க்க இங்கே தட்டுங்கள். முகவரி ‘கிளவுட்ஃபிளேர்-ஆக்டா.காம்’ (ஆக்டா என்பது ஊழியர்கள் உள்நுழையப் பயன்படுத்தும் சேவை). மறுபடியும் அதே சிறு கோடு. அந்த முகவரி பதியப்பட்டு 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சிலருடைய குடும்பத்தினருக்குக்கூட அந்தச் செய்தி போயிருந்தது.

இணையப் பாதுகாப்பே தொழிலாக இருக்கும் நிறுவனம். அங்கேயே மூன்று பேர் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார்கள். ஆனால் எதுவும் போகவில்லை. காரணம், அங்கே இரண்டாம் படிக்கு ஆறு இலக்க எண் கிடையாது, ஒவ்வொருவர் கையிலும் பாதுகாப்புச் சாவி என்ற சின்னக் கருவி. எண்ணாக இருந்தால் ஊழியர் போலிப் பக்கத்தில் தட்டுவார், திருடன் நிஜப் பக்கத்தில் தட்டுவான், முடிந்தது. சாவி அப்படியில்லை. எந்த முகவரிக்காகப் பதிவானதோ அந்த முகவரி தவிர வேறெதற்கும் அது வாய்திறக்காது. ‘ர’ எது, துணைக்கால் எது என்று அதற்குக் குழப்பமே வராது. இப்போது போன்களிலேயே வரும் பாஸ்கீயும் இதே முறைதான். முக்கியமான மெயில் கணக்குக்காவது அதைப் போட்டுவையுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி மெயில் வழியாகத்தான் போகிறது. மாட்டிக்கொண்ட அந்த மூன்று பேரை நிறுவனம் கண்டிக்கவும் இல்லை. தவறு செய்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம் என்று வெளிப்படையாக எழுதியது.

ஏற்கெனவே தொட்டுவிட்டவருக்கு

பாஸ்வேர்டைப் போட்டுவிட்டீர்களா? முடிந்தால் வேறொரு கருவியில், முகவரியை நீங்களே தட்டி, அதை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வேறெங்கே இருக்கிறதோ அங்கும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள், இல்லாவிட்டால் முன்பே உள்ளே வந்தவன் உள்ளேயே இருப்பான். பலரும் விட்டுவிடும் ஓர் இடம், மெயில் அமைப்புகளில் தானாகவே வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடும் வடிகட்டிகளும். திருடன் அங்கே ஒரு வரி எழுதிவைத்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றியபிறகும் உங்கள் மெயில் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். கணக்கை மீட்பதற்கான போன் எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

பணம் என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு, இரண்டாவது காவல்துறைக்கு. போனையோ கணினியையோ தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி நிறுவியிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வெட்கத்தில் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. சில நாள் கழித்து இன்னொருவர் கூப்பிடுவார். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சிறு கட்டணம் மட்டும் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும், அதில் உங்கள் எண் இருக்கிறது என்பதுதான் அந்த அழைப்புக்குப் பொருள். அந்த அழைப்பையும் துண்டித்துவிடுங்கள்.

சித்தியிடமிருந்து இப்போதும் படங்கள் வருகின்றன. வந்தால் நான் பதில் தட்டுவதில்லை. எந்த வேலையில் இருந்தாலும் வெளியே வந்து கூப்பிடுகிறேன். “தொடாதீங்க சித்தி” என்றுதான் ஆரம்பிக்கிறேன். “தொடல. சொல்லு” என்கிறார்.